பார்ட்டிஷன் என்றொரு சொல்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள்: "ஜெர்மனியில உனக்கு என்னதான் வேலை?" கம்ப்யூட்டர் என்பேன். சாஃப்ட்வேரா என்பார்கள். இல்லை, சர்வர் என்பேன். நம் ஊரில் சர்வர் என்றால் ஓட்டலில் சாம்பார் ஊற்றுகிறவர். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இனி யாரும் கேட்க வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். என் வேலை என்னவென்று தெரியாததால்தான் போன ஐப்பசியில் எங்கள் குடும்பத்தில் பெரிய ரகளை நடந்தது. முழுக்கத் தெரியாததால் என்றும் சொல்ல முடியாது. அதை முடிவில் சொல்கிறேன்.

வட ஜெர்மனியில் ஒரு நகரத்தின் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நகரத்து வீடுகளின் தண்ணீர் மீட்டர் கணக்கெல்லாம் ஒரு பழைய யூனிக்ஸ் சர்வர் இயந்திரத்தில் கிடக்கிறது. பீரோ உயரம், ஆலை மாதிரி இரைச்சல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதாக ஒவ்வொரு வருடமும் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். அடுத்த வருடமும் அதே முடிவை எடுப்பார்கள். நடுவில் அதைச் சாகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

2

அந்த இயந்திரத்தில் கணக்குகளைச் சேமித்து வைக்கும் ஒரு டிஸ்க் கெட்டுப்போகத் தொடங்கியிருந்தது. புது டிஸ்க்கைச் செருகி, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பழையதில் இருப்பதையெல்லாம் அதற்கு மாற்ற வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கு எங்கள் தொழிலில் பெயர் பார்ட்டிஷன். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை டிஸ்க்கின் தலைப்பில் எழுதி வைப்பதற்குப் பெயர் லேபிள். லேபிளை எழுதுகிற வரைக்கும் திரையில் நீங்கள் எத்தனை கோடு கிழித்தாலும் டிஸ்க்குக்கு ஒன்றுமே தெரியாது. எழுதாமல் வெளியே வந்தால் அத்தனையும் போச்சு. தவறான டிஸ்க்கில் எழுதினால் ஒரு நகரத்தின் தண்ணீர்க் கணக்கே போச்சு.

இது அரை நாள் வேலை. ஆனால் இது ஜெர்மனி. முதலில் அனுமதி கேட்டு விண்ணப்பம். ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மாற்றுவதால் என்ன அபாயம் என்று ஒரு கேள்வி. மாற்றாவிட்டால் என்ன அபாயம் என்ற கேள்வியைக் காணோம். அனுமதி வந்த பிறகு ஸ்டிக்கர் பிரச்சினை. ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் எண் ஒட்ட வேண்டும். அதை அலுவலக அச்சு இயந்திரத்தில்தான் அடிக்க வேண்டும். அதில் நாடா தீர்ந்துவிட்டது. நாடா வாங்கித் தருகிறவர் விடுப்பில் இருந்தார். நான் பேனாவால் எழுதி ஒட்டினேன். கையெழுத்து ஸ்டிக்கர்கள் ஏற்கப்படுவதில்லை என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது.

ஆனால் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் ஒட்டியிருந்ததெல்லாம் கையெழுத்துதான்! அதில் ஒரு டிஸ்க்கின் எண்ணை நான் ஏழு என்று படித்தேன். ஏழாம் டிஸ்க் என்று ஒன்று அந்த இயந்திரத்திலேயே கிடையாது. பாதிக் காலைப்பொழுது தேடி அலைந்த பிறகு கூட வேலை பார்க்கும் யோர்க் வந்து பார்த்துவிட்டு, "இது ஒன்று" என்றார். இவர்கள் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு கொக்கி போடுவார்கள். நமக்கு அது ஏழு. நாம் எழுதும் ஒன்று இவர்களுக்கு வெறும் கோடு. இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டிய பிறகும் ஒன்றைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

3

புது டிஸ்க்கைப் பிரிக்கத் தொடங்கிய அன்று எங்கள் அப்பாவின் நினைவு நாள்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். சாயங்காலம் மாதா கோயிலில் பூசை, பிறகு வீட்டில் ஜெபம், அதற்குப் பிறகு சாப்பாடு. இங்கே அது மதியப் பொழுது. அம்மா வீடியோ காலில் கூப்பிட்டார். போனை மானிட்டரில் சாய்த்து வைத்து, குரலைத் தணித்து நானும் ஜெபம் சொன்னேன். ஜெபம் முடிந்ததும் அம்மா போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு இலை போடப் போய்விட்டார். என் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டேன் என்று நினைத்து நானும் வேலைக்குத் திரும்பினேன்.

யோர்க் இயந்திர அறையில் இருந்தார். மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் இருவரும் பேசிக்கொண்டோம். எங்களுக்குள் அப்போது ஒரு சண்டை. பழைய டிஸ்க் முழுவதையும் ஒரே பகுதியாக விட்டிருந்தார்கள். இயந்திரம் தினமும் எழுதித் தள்ளும் பதிவுக் கோப்புகள் வளர்ந்து வளர்ந்து முழு இடத்தையும் தின்றுவிடும். பில் போடும் நேரத்தில் இடமில்லாமல் இயந்திரம் முழி முழியென்று முழிக்கும். பதிவுகளுக்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்க வேண்டும் என்றேன் நான். இருந்தபடியே இருக்கட்டும் என்றார் யோர்க். அனுமதியில் அப்படி இல்லையாம்.

நான் பொறுமை இழந்தேன். "பார்ட்டிஷன்! முதலில் பார்ட்டிஷன், அப்புறம்தான் மற்றதெல்லாம். இனிப் பேச்சே கிடையாது" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். எரிச்சல் வந்தால் எனக்குத் தானாகத் தமிழ் வந்துவிடும். அது யோர்க்குக்கும் பழக்கம். "ஒருத்தனே மொத்தத்தையும் வளைச்சுப் போட்டுக்கிட்டா மத்தவங்களுக்கு எங்க இடம்? இத்தனை வருஷம் பொறுத்தது போதும். பிரிச்சாத்தான் சரிப்படும்."

போனில் கீழ்வேளூர் சட்டென்று இருண்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

4

அதன் பிறகு அம்மா போனை எடுக்கவில்லை. அண்ணன் ஆரோக்கியமும் எடுக்கவில்லை. அவர் எப்போதுமே போன் எடுப்பதில் மந்தம் என்பதால் அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணி லூர்து கூப்பிட்டார். நான் அப்போது மறுபடி பார்ட்டிஷன் போட்டுக்கொண்டிருந்தேன். யோர்க் ஒருவழியாக ஒத்துக்கொண்டு, புது அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

அண்ணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "செலின், நான் பேசுனேன்னு சொல்லிடாத. உங்க அண்ணன் நெலத்த அளந்து பிரிக்க சர்வேயரப் பாக்கப் போயிருக்காங்க."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கா? நீதான பார்ட்டிஷன் கேட்ட! அப்பா நினைவு நாள்ல, படத்துக்கு முன்னால மெழுகுவர்த்திகூட அணையல. அத்தை அன்னையிலேர்ந்து சரியா சாப்பிடல. 'ஒருத்தனே வளைச்சுப் போட்டுக்கிட்டான்'னு கூடப் பொறந்தவள சொல்ல வச்சுட்டேனேன்னு உங்க அண்ணன் பேசவே மாட்டேங்கிறாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. பதற்றத்தில் கை எதையோ அழுத்தி, லேபிள் எழுதாமலேயே வெளியே வந்துவிட்டேன். அன்று காலையிலிருந்து கிழித்த கோடெல்லாம் காற்றில் போய்விட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். முகத்தைக் காட்டாமல் கூரை உத்தரத்தைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"கம்ப்யூட்டர்ல என்ன பார்ட்டிஷன்? யார்கிட்ட கதை விடுற?"

"கதை இல்லண்ணே. டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்கு. அதப் பிரிக்கணும். ஒரு வயல் மாதிரி வச்சுக்க. அதுல குறுக்க வரப்பு போட்டு..."

"அதத்தான நானும் சொல்றேன்! வரப்பு போடணுங்கிற!"

"ஐயோ, அந்த வரப்பு இல்லண்ணே!"

"பொறுத்தது போதும்னியே. யாரப் பொறுத்த?"

"யோர்க்க!"

"அவன் யாரு? அவனுக்கும் நம்ம நிலத்துல பங்கா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்து அறையிலிருந்து என் மகள் ஜெனி வந்து எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது. தமிழ் புரியும், ஜெர்மனில்தான் பதில் வரும். "எதற்குக் கத்துகிறீர்கள்?" என்றாள். "கத்தலடி, பேசறோம்" என்றேன்.

கடைசியில் அலுவலக மடிக்கணினியைத் திறந்து திரையை அண்ணனுக்குக் காட்டினேன். அண்ணன் பிளஸ் டூ வரை படித்தவர். கறுப்புத் திரையில் இருந்த வெள்ளை எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். "பார்... ட்டி... ஷன். லே... பிள்." மறுபடி ஒருமுறை எழுத்துக்கூட்டினார். பிறகு, "அம்மா, இங்க வா. நெசமாவே கம்ப்யூட்டர்லதான் போட்டுருக்கு" என்றார்.

அதன் பிறகு அங்கே கல்யாண வீடுதான். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன். எம் பொண்ணு அப்படிக் கேக்குறவ இல்ல." அண்ணன் உத்தரத்தை விட்டுத் தன் முகத்தைக் காட்டினார். ஒரு வாரத் தாடி. "என்னய ஒரு வாரம் தூங்க விடாம பண்ணிட்டியே" என்று திட்டினார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சந்தோஷம் நீண்டுகொண்டே போனது. எமன் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதுபோல அவர்கள் மூச்சு விட்டார்கள். அந்த வாசலில் வந்து நின்றது நான் என்பது மெல்ல மெல்ல எனக்கு உறைத்தது.

அண்ணன் சொன்னார்: "சர்வேயர வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு செலின். பட்டா இன்னும் அப்பா பேர்லயே கெடக்கு. பயிர்க் காப்பீட்டுக்குப் போனா உன் பேர்ல இல்லங்கிறான். கொள்முதல் நெலையத்துல நெல்லுப் போடப் போனாலும் அதே பாட்டு. நீ அடுத்த தடவ வர்றப்ப விடுதலப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடு. இதோட இந்தப் பேச்சே இருக்காது."

என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். தேநீர் கொண்டுவா என்பதுபோலச் சொன்னார். அம்மாவும் தலையாட்டினார். அண்ணி மட்டும் பின்னால் நின்றுகொண்டு எங்கோ பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

6

அதைத்தான் நானும் யோசித்தேன்.

என் அப்பா மரியதாஸ் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் வழியில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் பட்டா வாங்கியவர் அவர்தான். மூன்று ஏக்கர். அதை வாங்கிய புதிதில் நடவுக்கு ஆள் வைக்க வழியில்லை. அம்மா, அண்ணன், நான் மூவரும்தான் நட்டோம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோதுகூட என் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. அண்ணனுக்கும் இருந்தது. சேறு ஆண், பெண் பார்த்துக் கடித்ததில்லை.

என்னைப் படிக்க வைத்தார்கள். கல்யாணத்துக்குச் சீர் செய்தார்கள். அதை மறுக்கவில்லை. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஏர் ஓட்டினார் என்பதையும் மறுக்கவில்லை. தண்ணீர் வராத வருடமும், வந்த தண்ணீர் வடியாத வருடமும் அவர்தான் அங்கே நின்றார். நான் குளிருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு இங்கே இருந்தேன். இதையெல்லாம் எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். வழக்குப் போட்டால் அண்ணன் பக்கத்து வக்கீலாக நானே போயிருக்கலாம்.

"விட்டுடு, எதுக்கு வம்பு?" என்றார் என் கணவர். ஜெனி இன்னும் நேராகக் கேட்டாள். "நீ விவசாயமா செய்யப் போகிறாய்? அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?"

ஒன்றும் செய்ய மாட்டேன் என்பதுதான் உண்மை. அங்கே விளையும் ஒரு மரக்கால் நெல்லும் எனக்கு வேண்டாம். ஆனால் நான் கேட்கவே மாட்டேன் என்று அவர்கள் அத்தனை உறுதியாக இருந்தது என்னை உறுத்தியது. நான் கேட்டேன் என்று நினைத்தவுடன் என் தாய் சோற்றை ஒதுக்கிவிட்டார். கேட்கவில்லை என்று தெரிந்ததும் நல்ல பெண் ஆகிவிட்டேன். என்ன நியாயம் இது? அந்த வாரம் முழுவதும் யோர்க்கிடமும், அச்சு நாடா கொண்டுவந்தவரிடமும் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன்.

புதன்கிழமை டிஸ்க் வேலை முடிந்தது. பதிவுகளுக்குத் தனிப் பகுதி, கணக்குகளுக்குத் தனிப் பகுதி. டிஸ்க் எண்ணை யோர்க்கும் நானும் மாறி மாறிச் சரிபார்த்தோம். லேபிளை எழுதட்டுமா என்று இயந்திரம் கேட்டது. எழுது என்றேன். பழைய கணக்கெல்லாம் புதிய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. யாரும் பாராட்டவில்லை. என் தொழிலில் யாரும் பேசாமல் இருந்தால் அதுதான் பாராட்டு.

அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, விடுதலைப் பத்திரம் போட மாட்டேன்."

அவர் வாய் திறக்குமுன் நானே தொடர்ந்தேன்.

"வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மா, நீ, நான் மூணு பேரு பேர்லயும் கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் குடு. காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் என்ன கையெழுத்து வேணும்னாலும் அனுப்புறேன். சாகுபடி நீயே பண்ணு, வெளச்சல் நீயே எடுத்துக்க. வரப்பு வேணாம், சர்வேயர் வேணாம். ஆனா எம் பேரு இருக்கணும்."

"அப்ப அன்னைக்கி நீ பேசுனது டிஸ்க்கு இல்ல."

"அன்னைக்கிப் பேசுனது டிஸ்க்குதாண்ணே. இன்னைக்கிப் பேசுறதுதான் நிலம்."

போனை வைத்துவிட்டார்.

7

அம்மா பேசினார், ஆனால் அளந்து பேசினார். சாப்பிட்டியா, குளிரா, பிள்ளை படிக்கிறாளா. நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணன் பேசவே இல்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட அண்ணிதான் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். வைக்கும் முன் குரலைத் தணித்தார்.

"செலின், திருவிடைமருதூர்ல எங்க அம்மா வீட்லயும் விடுதலப் பத்திரம் கேட்டாங்க. கல்யாணமான அடுத்த மாசமே போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு என்ன எழுதியிருக்குன்னுகூடப் படிக்கல." பிறகு சொன்னார்: "உங்க அண்ணங்கிட்ட இதச் சொன்னேன். முந்தாநேத்து சொன்னேன். எந்திரிச்சு வயலுக்குப் போயிட்டாங்க."

பொங்கல் கழிந்து ஒரு காலையில், நான் அலுவலகத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணன் கூப்பிட்டார். வயலில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் கதிர் முற்றித் தலை சாய்த்திருந்தது. வானம் நல்ல கறுப்பு. நலம் விசாரிக்கவில்லை.

"பட்டா வந்துருச்சு. ஒம் பேரும் இருக்கு."

"அண்ணே..."

"என்ன அண்ணே? தாலுகா ஆபீசுக்கு எத்தன நடை நடந்தேன் தெரியுமா? பொண்ணு வெளிநாட்டுல இருக்கு, விட்டுட மாட்டாங்களான்னு அங்க ஒருத்தன் கேக்குறான். அது எங்க வீட்டு வெவகாரம், நீ வேலையப் பாருன்னுட்டேன்." கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். "நாளைக்கு அறுப்பு மிஷினு சொல்லியிருக்கேன். மழ வருதாம். பெஞ்சா மொத்தமும் சாஞ்சுரும். இனிமே எனக்கு மட்டும் சாயாது, ஒனக்கும் சேத்துத்தான் சாயும். தெரிஞ்சுக்க."

வைத்துவிட்டார். திட்டினாரா, சேர்த்துக்கொண்டாரா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. திரையின் ஒரு மூலையில் நாகப்பட்டினத்து வானிலையைத் திறந்து வைத்துக்கொண்டு, மேகம் நகர்கிறதா என்று பார்ப்பதும், நகராத மேகத்தைத் தமிழில் திட்டுவதுமாக இருந்தேன். யோர்க் காப்பிக் கோப்பையுடன் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். நம் நகரத்தில் வெயில் அடிக்கும்போது எந்த ஊர் மழைக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டார்.

திரையில் கை வைத்துக் காட்டி, "மைனெ ஃபெல்ட்" என்றேன்.

ஜெர்மனில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று ஒரு பால் உண்டு. அதற்கேற்ப 'என்' என்ற சொல்லும் மாறும். அவசரத்தில் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை வயலோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வாய்த்ததில்லை.

"மைன் ஃபெல்ட்" என்று யோர்க் திருத்தினார்.

"மைன் ஃபெல்ட்" என்றேன். என் வயல்.